கென்டக்கியின் பழைய சட்டமன்றம்: 1899 தேர்தலைத் தேடிப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் நம் ஊர்ப் பெற்றோர்களை நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப் போவது வழக்கம். கென்டக்கி மாநிலத்தில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஃபிராங்க்ஃபர்ட் என்னும் சிறு நகரத்தில் இருக்கும் பழைய சட்டமன்றக் கட்டடத்தை. ஃபிராங்க்ஃபர்ட்தான் இந்த மாநிலத்தின் தலைநகர். என் மகள் வசிக்கும் லெக்சிங்டனிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். லூயிவில்லிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம். கட்டடத்தைப் பராமரிப்பது கென்டக்கி வரலாற்றுச் சங்கம். பிராட்வே தெருவில் இருக்கும் கிளார்க் வரலாற்று மையத்தில் டிக்கெட் வாங்கினால் அந்த மையம், பழைய சட்டமன்றம், குன்றின்மேல் உள்ள பழைய ஆயுதக் கிடங்கு மூன்றையும் பார்க்கலாம். நேரம் குறைவு என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள், சட்டமன்றத்தை விடாதீர்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆசிரியர் என்றால் தேர்தல் பணியும் உண்டு. வாக்குச்சீட்டுக் காலத்திலும் இயந்திரக் காலத்திலும் வாக்குச்சாவடி அலுவலராக இருந்திருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தல் எண்ணிக்கையில் ஒரே ஒரு சீட்டின் முத்திரை கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விடியும்வரை முகவர்கள் சண்டையிட்டதை மேசைக்கு இந்தப்புறம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தை நான் பார்த்த கண் அது. கட்டடக் கலைக்காகப் போகிறவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி பயன்படாது.

முதலில் ஒரு விவரம். அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் அவர் நம் முதலமைச்சருக்கு இணையானவர். அப்படி நடந்த தேர்தல்களில் 1899 நவம்பர் 7 அன்று கென்டக்கியில் நடந்ததைவிட மோசமாக முடிந்த ஒன்றை நான் அறியேன். அமெரிக்க வரலாற்றில் சுடப்பட்டுப் பதவியில் இருக்கும்போதே உயிரிழந்த ஒரே மாநில ஆளுநர் வில்லியம் கோபெல். அவர் சுடப்பட்டது இந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போகும் பாதையில்.

கோபெல் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1856இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். வளர்ந்தது ஒஹாயோ ஆற்றங்கரையில், சின்சினாட்டிக்கு எதிர்க்கரையில் உள்ள கோவிங்டனில். வழக்கறிஞராகி, 1887இல் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குள் நுழைந்து, லூயிவில்-நாஷ்வில் ரயில் கம்பெனியைத் தன் வாழ்நாள் எதிரியாக்கிக்கொண்டார். சரக்குக் கட்டணத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்கக்கூடாது, அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. விவசாயிகளும் தொழிலாளர்களும் அவர் பக்கம். ஆனால் சாதுவான மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். 1895இல் ஜான் சான்ஃபோர்டு என்ற வங்கிக்காரரை கோவிங்டனில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றவர். இருவரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள், தற்காப்பு என்று வாதிட்டுத் தப்பினார். அவரை நேசித்தவர்கள் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு நேசித்தார்கள், வெறுத்தவர்களும் அப்படியே.

இவர் செனட்டில் இருந்துகொண்டு 1898இல் ஒரு தேர்தல் சட்டத்தை நிறைவேற்றினார். சட்டமன்றம் மூன்று பேர் கொண்ட மாநிலத் தேர்தல் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும், அந்த வாரியம் ஒவ்வொரு கவுன்டிக்கும், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுக்கும், தேர்தல் அதிகாரிகளை நியமிக்கும். சட்டமன்றத்தில் பெரும்பான்மை கோபெலின் ஜனநாயகக் கட்சிக்கு. ஆகவே வாரியமும் அவர்களுடையது, கவுன்டி அதிகாரிகளும் அவர்களுடையவர்கள். அப்போதைய ஆளுநர் பிராட்லி, அந்த மாநிலத்தின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநர், மறுத்துத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவர் மறுப்பை மீறி நிறைவேற்றியது. மறு வருடம் அதே கோபெல் ஆளுநர் வேட்பாளராக நின்றார். போட்டியிடப் போகிறவரே எண்ணுகிறவர்களை நியமிக்கும் வழியை வகுப்பது எந்த ஊரிலும் தவறுதான். ரயில் கம்பெனிக்கு எதிரான அவருடைய போராட்டத்தை எவ்வளவு மதித்தாலும் இதை நான் மன்னிக்க மாட்டேன்.

இப்போது கட்டடம். 1830இல் கட்டி முடித்தது. வடிவமைத்த கிடியன் ஷிரையாக் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். முகப்பில் கிரேக்கக் கோயிலைப் போல் ஆறு பெரிய தூண்கள், எல்லாம் கென்டக்கி ஆற்றோரத்துச் சுண்ணாம்புக் கல். உள்ளே நுழைந்ததும் குவிமாடத்துக்கு நேர் கீழே இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் கல் படிக்கட்டு. அதற்கு அடியில் முட்டுக் கொடுக்கத் தூண் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்திப் பிடித்து நிற்கிறது. மேலே ஏறினால் ஒரு பக்கம் பிரதிநிதிகள் அவை, மறு பக்கம் செனட். 1910இல் ஆற்றுக்கு அக்கரையில் புதிய சட்டமன்றம் திறக்கும்வரை மாநிலத்தின் சட்டங்கள் எல்லாம் இந்த இரண்டு அறைகளில் எழுதப்பட்டவை.

அறைகள் சிறியவை. இது முக்கியம். புத்தகத்தில் படிக்கும்போது சட்டமன்றம் என்றால் பெரிய மண்டபமாக மனம் கற்பனை செய்துகொள்கிறது. நேரில் நின்றால் எதிர் வரிசையில் இருப்பவரின் முகச் சுளிப்புகூடத் தெரியும் தூரம்தான். பகையாளிகள் தினமும் இவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் துப்பாக்கி இல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று என் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 1900 ஜனவரி கடைசியில், கிழக்கு மலைப்பகுதியிலிருந்து குடியரசுக் கட்சியை ஆதரித்த நூற்றுக்கணக்கான ஆண்கள் துப்பாக்கிகளோடு ரயிலேறி இந்த ஊருக்கு வந்து இறங்கினார்கள். இந்தச் சின்ன ஊரில் அவர்கள் எங்கே தங்கினார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

எங்களுக்கு வழிகாட்டிய அம்மையார் நிதானமாகப் பேசினார். என் ஆங்கிலம் வகுப்பறை ஆங்கிலம். அவர் சொன்னதில் ஒன்றையும் தவறவிடவில்லை. வாக்குச்சீட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் நின்று விரிவாகச் சொல்ல ஆரம்பித்தார். இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன், எனக்கு இந்தப் பயணத்தின் உயிர் இதுதான்.

1891 வரை கென்டக்கியில் வாக்களிப்பது வாய்மொழியாக. வாக்காளர் அதிகாரி முன் நின்று, சுற்றிலும் ஊர் கேட்க, தன் வேட்பாளரின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த முறையைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் இது. அதே மாநிலத்தின் லூயிவில் நகரம் 1888லேயே, நாட்டிலேயே முதலாவதாக, அரசு அச்சடித்த ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது என்பது விந்தை. ஆக 1899இல் மாநிலம் முழுவதுக்கும் ரகசிய வாக்கு வந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும் முன்னால் வாய் திறந்து வாக்களித்த தலைமுறை அப்போதும் உயிரோடு இருந்தது. அந்தச் சூழலில் பல கவுன்டிகளில் சீட்டுகள் மிக மெல்லிய தாளில் அச்சாகியிருந்தன, மடித்தாலும் குறி வெளியே தெரிந்தது, ஆகவே அந்த வாக்குகள் செல்லாது என்று கோபெல் தரப்பு வழக்காடியது. நெல்சன் கவுன்டியில் இன்னொரு கூத்து. குடியரசுக் கட்சி வேட்பாளரின் பெயர் டபிள்யூ. எஸ். டெய்லர். சீட்டில் டபிள்யூ. பி. டெய்லர் என்று அச்சாகிவிட்டது. ஓர் எழுத்துக்காக அத்தனை சீட்டுகளையும் தள்ள வேண்டும் என்றார்கள். லூயிவில்லில் ஆளுநர் பிராட்லி தேர்தல் நாளன்று மாநிலப் படையை இறக்கியிருந்தார். வாக்காளர்கள் மிரண்டார்கள், அந்த நகரத்தின் வாக்கும் செல்லாது என்றார்கள்.

எங்கள் ஊரில் சீட்டை எப்படி மடிப்போம் என்று அந்த அம்மையாருக்குக் காட்டினேன். கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தை முதலில் நெட்டாக மடித்து, பிறகு குறுக்காக மடித்தேன். முத்திரையின் ஈர மை இன்னொரு சின்னத்தின்மேல் ஒட்டிச் சீட்டு செல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த வரிசை. அவர் அதைத் தானும் ஒரு முறை மடித்துப் பார்த்தார். "அம்மாச்சி, போதும், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்று பேத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

முடிவு என்ன ஆயிற்று என்றால், டெய்லருக்கு 1,93,714 வாக்குகள், கோபெலுக்கு 1,91,331. வித்தியாசம் 2,383. கோபெலைப் பிடிக்காமல் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் நிறுத்திய முன்னாள் ஆளுநர் ஜான் யங் பிரவுன் சுமார் 12,000 வாக்குகளை வாங்கியிருந்தார். அந்த வருடம் ஜூனில் லூயிவில் இசை மண்டபத்தில் நடந்த கட்சி மாநாட்டில் கோபெல் போட்டியாளர்களோடு செய்துகொண்ட உடன்பாடுகளை மீறி வேட்பாளரானார். அந்தக் கோபத்தின் விலை இந்த 12,000.

வித்தியாசத்தை மாற்றும் அதிகாரம் யார் கையில்? அவரே உருவாக்கிய மூவர் வாரியத்தின் கையில். மூவரும் அவர் கட்சிக்காரர்கள். ஊரே எதிர்பார்த்தது கோபெலுக்குச் சாதகமான தீர்ப்பை. வாரியம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லர் வென்றார் என்று சான்றளித்தது. கவுன்டிகளிலிருந்து வந்த கணக்கைக் கூட்டிச் சொல்வதுதான் எங்கள் வேலை, அதற்குப் பின்னால் போய் விசாரித்து வாக்குகளைத் தள்ளும் அதிகாரம் சட்டத்தில் எங்களுக்கு இல்லை என்றார்கள் அந்த இருவரும்.

தங்களை நியமித்த கட்சிக்கு எதிராக, தங்கள் தலைவருக்கு எதிராக, கையில் துப்பாக்கியோடு திரியும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதில் கையெழுத்திட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எண்ணிக்கை மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். படிவத்தில் வந்த எண்ணை அப்படியே எழுதுவது சிறிய வேலையாகத் தெரியும். பின்னால் நாலு பேர் நின்று தோளைத் தொடும்போதுதான் அதன் பாரம் தெரியும். இந்தக் கட்டடத்துக்கு முன்னால் கோபெலுக்குச் சிலை இருக்கிறது. சார்லஸ் நீஹாஸ் செய்த வெண்கலச் சிலை. அந்த இருவருக்கும் ஒரு சிலை வைத்திருந்தால் நான் மாலை போட்டிருப்பேன்.

டிசம்பர் 12 அன்று டெய்லர் பதவி ஏற்றார். ஆளுநர் தேர்தல் வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் மாநில அரசியல் சாசனப்படி சட்டமன்றத்துக்கு உண்டு. ஆகவே கோபெல் தரப்பு அங்கே முறையிட்டது. விசாரிக்கும் பதினோரு பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிகளின் பலத்துக்கு நாலைந்து குடியரசுக் கட்சிக்காரர்கள் வந்திருக்க வேண்டும். வந்தவர் ஒருவர். அந்தக் குலுக்கலை யாரும் நம்பவில்லை.

1900 ஜனவரி 30, காலை. கோபெல் இரண்டு நண்பர்களோடு சட்டமன்றத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நிர்வாகக் கட்டடத்திலிருந்து குண்டுகள் பாய்ந்தன. ஒன்று அவர் மார்பைத் துளைத்தது. விழுந்த இடத்தைக் காட்டும் பலகையைத் தரையில் பதித்திருக்கிறார்கள். அதில் நின்று வலது பக்கம் திரும்பிப் பாருங்கள். அந்த நிர்வாகக் கட்டடம் இன்றும் இருக்கிறது. குறிபார்க்கத் தனித் திறமை தேவைப்படாத தூரம். மாநிலச் செயலாளர் கேலப் பவர்ஸின் அலுவலக ஜன்னலிலிருந்து சுட்டார்கள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. பவர்ஸ், ஹென்றி யூட்ஸி, ஜிம் ஹோவர்டு மூவருக்கும் தண்டனை கிடைத்தது. பிறகு மூவருக்கும் மன்னிப்பும் கிடைத்தது. எட்டு வருடம் சிறையில் இருந்த பவர்ஸ் வெளியே வந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனார். சுட்டது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அடுத்து நடந்ததை வழிகாட்டி படபடவென்று சொல்லிப் போனார், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். டெய்லர் மாநிலத்தில் கலகம் என்று அறிவித்துப் படையை அழைத்தார். சட்டமன்றம் தன் கட்சிக்குச் செல்வாக்குள்ள லண்டன் என்ற ஊரில் கூட வேண்டும் என்று ஆணையிட்டார். இந்தக் கட்டடத்துக்குள் நுழையவிடாமல் படை தடுத்ததால் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் கேப்பிட்டல் ஹோட்டலில் கூடி, போதுமான வாக்குகளைச் செல்லாதவை என்று தள்ளி, அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த கோபெலை ஆளுநர் என்று அறிவித்தார்கள். ஜனவரி 31 பதவி ஏற்றார், பிப்ரவரி 3 இறந்தார். துணை ஆளுநராக இருந்த முப்பது வயது பெக்கம் அவர் இடத்துக்கு வந்தார். மே 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது மாநில விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லும்வரை கென்டக்கிக்கு இரண்டு ஆளுநர்கள். தீர்ப்போடு உடன்படாத நீதிபதி ஹார்லன் இதே மாநிலத்துக்காரர். டெய்லர் இண்டியானா மாநிலத்துக்குத் தப்பி ஓடினார், அங்கேயே வாழ்ந்து முடித்தார். கோபெலின் தேர்தல் சட்டத்தை அவருடைய கட்சியே அந்த வருடத்துக்குள் மாற்றவேண்டி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு முன் என் மகள் இணையத்தில் பார்த்து ஒரு தனியார் வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டி என்னை அழைத்துப் போயிருந்தாள். பெயர் வேண்டாம். அந்த ஓட்டுநர்-வழிகாட்டிக்கு இந்தத் தேர்தல் ஒரு பேய்க்கதை. கட்டடத்துக்கு எதிரே வேனை நிறுத்தி, இறங்கவும் விடாமல், கோபெல் சாகும்போது தான் தின்ற சிப்பியைக் குறை சொன்னார் என்ற பழைய வதந்தியைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மக்களுக்கு உண்மையாக இருங்கள் என்று நண்பர்களிடம் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்த கடைசிச் சொல்லையும் இந்தச் சிப்பிக் கதையையும் சேர்த்துச் சொல்லியிருந்தாலாவது நியாயம். நான்கு லட்சம் பேர் அளவுக்கு வாக்களித்த தேர்தல் அது. அந்த மக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டிய பணத்தைவிட எனக்கு அதுதான் வலித்தது. வேன் வேண்டாம், நேராக கிளார்க் மையத்துக்கே போங்கள்.

பிராட்வேயில் நடக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். தெருவின் நடுவிலேயே தண்டவாளம் ஓடுகிறது, இருபுறமும் கடைகள், கார்கள். கோபெல் காலத்தில் அது லூயிவில்-நாஷ்வில் கம்பெனியின் பாதை. அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்த ரயில் அவர் விழுந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சரக்கு ரயில்கள் இப்போதும் இந்த வழியாகப் போகின்றன. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தக் கல் படிக்கட்டில் அவசரப்படாமல் ஏறுங்கள், வழிகாட்டிகள் காத்திருக்கிறார்கள். உள்ளே போகும் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. கார் இருந்தால் ஊருக்கு மேலே குன்றில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போகலாம், கோபெலின் சமாதி அங்கே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கென்டக்கிக்கு வழி திறந்த முன்னோடி டேனியல் பூனின் சமாதியைப் பார்க்கத்தான் அங்கே வருகிறார்கள். கீழே ஆறும் ஊரும் முழுதாகத் தெரியும்.

பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்த இடம் சலிப்புத் தட்டும். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்குச் சலிக்கவில்லை. திரும்பும் வழியில், பதினோரு பேரைக் குலுக்கி எடுக்கும்போது தொப்பியைப் பிடித்திருந்தது எந்தக் கட்சிக்காரர் என்று அவள் அப்பாவைத் துளைத்துக்கொண்டே வந்தாள்.